மாப்பிள்ளை வீட்டாரின் பெற்றோல் பம்ப்

என் மகளைப் பெண் பார்க்கச் சூரிச்சிலிருந்து வந்த குடும்பம் எங்கள் வீட்டுக்குச் சற்றுக் கீழே, ஏற்றத்தின் நடுவில் நின்றுபோனது. சரியாகச் சொன்னால் நின்றது அவர்களுடைய கார். லோசானில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் பேருந்தே முக்கி முனகித்தான் ஏறும்.

என் மனைவி பல்கனியில் நின்று வழி பார்த்துக்கொண்டிருந்தாள். "இஞ்சாருங்கோ, கீழை ஆரோ ஒரு பழைய பச்சைக் காரை நடு றோட்டிலை விட்டிருக்கினம். அவையள் வரேக்கை இடைஞ்சலா இருக்கப்போகுது" என்றாள். நானும் எட்டிப் பார்த்தேன். காரின் பின்கதவு திறந்து முதலில் ஒரு பட்டுச் சேலை இறங்கியது. பின்னால் பழத் தட்டு ஒன்று வந்தது. முன்பக்கத்திலிருந்து கோட்டுப் போட்ட இளைஞன் ஒருவன் இறங்கி, தனக்கும் அந்தக் காருக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல நடைபாதையில் ஏறி நின்றான். அவர்கள்தான் வந்துவிட்டார்கள் என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

அந்த வாரம் முழுவதும் மனைவி என்னைத் தயார்ப்படுத்தியிருந்தாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யாராவது ஒரு கேள்வி கேட்டால் நான்கு பதில் சொல்வேன். ஆகவே கேட்டதற்கு மட்டும் பதில், மற்ற நேரமெல்லாம் சிரிப்பு என்று உத்தரவு. வெள்ளைச் சட்டையையும் அவளே தேய்த்து வைத்திருந்தாள்.

ஆனால் அவளுக்கும் எனக்கும் தெரியாத ஒன்று, வருகிறவர்கள் பழைய காரில் வருவார்கள் என்பது. மருத்துவமனையில் நோயாளிகளின் கட்டில்களை ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குத் தள்ளிச் செல்வது என் வேலை. மதிய இடைவேளையில் கைபேசியில் பழைய கார்களைத் திருத்தும் வீடியோக்களைப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. எங்கோ ஒரு கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த வண்டியை யாரோ ஒருவர் உயிர்ப்பிக்கும்போது எனக்குக் கண் கலங்கும். எங்கள் சொந்தக் கார் குத்தகைக்கு எடுத்தது. அதன் பொனட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடி ஒன்றுதான் தெரியும். கண்ணாடி துடைக்கும் தண்ணீரை ஊற்றுவதைத் தவிர அதில் நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவெல்லாம் வீணாகிக்கொண்டிருந்தது.

நான் படியிறங்கி ஓடினேன். மாப்பிள்ளையின் அப்பா அதற்குள் பொனட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தார். கட்டையான, உருண்டையான மனிதர். சூரிச்சில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல்காரர் என்று தரகர் சொல்லியிருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவர் வணக்கம் சொல்லவில்லை, வீடு இதுவா என்று கேட்கவில்லை.

"அண்ணை, உங்களிட்டை டோர்ச் இருக்கோ?"

அந்த நிமிடமே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மாவையும் மாப்பிள்ளையையும் மேலே அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் காரைப் பார்த்தோம். ஆங்கிலேயர் செய்த கார். எங்கள் இருவரின் கலியாணங்களையும்விட அதற்கு வயது கூட. உள்ளே மரப்பலகை, தோல் இருக்கை, மஞ்சளாய் மங்கிப்போன மீட்டர்கள். சாவியைத் திருப்பினால் இயந்திரம் நன்றாகச் சுற்றியது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. அவர் பற்றரி என்றார். பற்றரி பலவீனம் என்றால் இப்படிச் சுற்றாது என்று நான் சொன்னேன். அப்படியானால் பிளக்கில் தீப்பொறி வரவில்லை என்றார். அதற்கு நான் உடன்பட்டேன், ஏனென்றால் எனக்குப் பிளக் கழற்றிப் பார்க்க ஆசை. ஒன்றைக் கழற்றி இரும்பில் தொட்டுப் பிடித்தோம். அவர் சாவியைத் திருப்பினார். நீலமாகப் பளிச்சென்று பொறி வந்தது, கொஞ்சம் என் விரலிலும் வந்தது. தீப்பொறியில் பிழையில்லை என்று உறுதியானது.

அப்போது எங்கள் கட்டடத்தின் கொன்சியேர்ஜ் வந்தார். கட்டடத்தைப் பராமரிப்பவர், குப்பைப் பையின் நிறம் தவறாக இருந்தால் கதவைத் தட்டுகிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை கார் திருத்துவது தடை என்று பிரெஞ்சில் தொடங்கினார். பாதியில் கார் அவர் கண்ணில் பட்டது. வசனத்தை முடிக்கவில்லை. சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, பெற்றோல் தீர்ந்திருக்கும் என்று தன் கருத்தையும் வைத்தார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது. வழியில் ஃப்ரிபூர்க்கில் நிறுத்தி முழுதாக நிரப்பியதாகத் தனக்குத் தெரிந்த ஜேர்மனிலும், தெரியாத பிரெஞ்சிலும், கடைசியில் கைகளாலும் சொன்னார்.

முதலில் காரைத் தெருவிலிருந்து எடுக்கவேண்டும் என்றார் கொன்சியேர்ஜ். மேலே தள்ள முடியாது. பின்பக்கமாகவே இறக்கி, எங்கள் கட்டடத்துக்குக் கீழ்ப்புறம் இருக்கும் விருந்தினர் தரிப்பிடத்தில் விடுவதென்று முடிவானது. தள்ளுவது என் தொழில் என்பதால் தலைமை எனக்கு வந்தது. ஆனால் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சரிவு இல்லை, இங்கே இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஸ்டியரிங்கைப் பிடிக்க, நானும் கொன்சியேர்ஜும் பின்னால் நின்று காரைத் தள்ளுவதற்குப் பதிலாக அதைத் தடுத்துக்கொண்டே பின்னோக்கி வந்தோம் என்றுதான் சொல்லவேண்டும். மேலே பல்கனியில் என் மனைவியும் மாப்பிள்ளையின் அம்மாவும் அருகருகே நின்று பார்த்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் தலையில் கை வைத்தார்கள். இரண்டு குடும்பங்களுக்குள்ளும் முதல் ஒற்றுமை அங்கேதான் உண்டானது.

அடுத்து, பெற்றோல் இயந்திரம்வரை வந்து சேருகிறதா என்று பார்க்கவேண்டும். வீடியோக்களில் அப்படித்தான் செய்வார்கள். பெற்றோலைக் காற்றுடன் கலக்கும் காபுரேட்டருக்குள் போகும் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டுச் சாவியைத் திருப்பினால், நிலவரம் தெரிந்துவிடும். நான் மேலே ஓடிப் போய் ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைக் கழுவி எடுத்தேன். மனைவி என் சட்டையைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் இறங்கிவிட்டேன்.

போத்தலில் ஒரு சொட்டும் விழவில்லை. டாங்க் நிறைய இருந்தும் முன்னால் வரவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கவேண்டும், அல்லது பம்ப் செத்திருக்கவேண்டும். பம்பாக இருக்காது என்று அவர் அடித்துச் சொன்னார். பம்பில் தனக்கு முழு நம்பிக்கை என்றார். தன் காரைப் பற்றி எவரும் சந்தேகப்படக்கூடாது என்கிற முகம் அது. எங்கள் மகளைப் பற்றித் தரகரிடம் கதைத்தபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

குழாயை ஊதிப் பார்ப்போமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பல்கனியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா குரல் கொடுத்தார்.

"இஞ்சாருங்கோ, அந்த டிக் டிக் சத்தம் நிண்டுபோச்செல்லோ."

"எந்தச் சத்தம்?" என்று அவர் அண்ணாந்து கேட்டார்.

"பின்சீற்றிலை எனக்குக் கீழை எப்பவும் கேக்கிற சத்தம். ஃப்ரிபூர்க் தாண்டினாப்போலை விட்டு விட்டுக் கேட்டுது. இந்த ஏத்தத்திலை இல்லாமல் போச்சு."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டார். அந்த அம்மா நிதானமாகப் பதில் சொன்னார். "சத்தம் கேக்குது எண்டு சொன்னா, கார் நல்லது எண்டு நீங்கள் ஒரு மணித்தியாலம் கதைப்பியள். பேசாமல் இருந்திட்டன்."

பம்ப் இருப்பது காரின் பின்பக்கம், டிக்கிக்குக் கீழே, சில்லுக்கு அருகில். மின்சாரத்தில் இயங்கும் சின்ன இயந்திரம். உள்ளே ஒரு தோல் விம்மி விம்மிப் பெற்றோலை இழுத்து முன்னால் அனுப்பும், ஒவ்வொரு விம்மலுக்கும் ஒரு டிக். அதற்கு மின்சாரத்தைக் கொடுத்தும் நிறுத்தியும் விளையாடும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தேய்ந்து கருகினால், அது இடையில் திகைத்து நின்றுவிடும். ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி நினைவு வரும். இதை நான் வீடியோவில் பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். தட்ட என்ன இருக்கிறது என்று இருவரும் சுற்றிப் பார்த்தோம். அவர் தன் பளபளக்கும் சப்பாத்து ஒன்றைக் கழற்றி, சாவியைத் திருப்பி விட்டு வந்து, தரையில் ஒரு பக்கமாகப் படுத்து, குதியால் பம்பில் ஒரு போடு போட்டார்.

டிக். டிக் டிக் டிக் டிக்.

கொன்சியேர்ஜ் கை தட்டினார். கார் பற்றிக்கொண்டது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நிச்சயப்படுத்திக்கொள்வதற்காக இயந்திரத்தை நிறுத்தி மறுபடி முயன்றார். டிக் சத்தம் இல்லை. மறுபடி சப்பாத்து. மறுபடி ஓடியது. இன்னும் ஒரு தரம் நிறுத்தினார். பிறகு சப்பாத்துக்கும் அது எழும்பவில்லை.

நாங்கள் மேலே போனபோது பேச வேண்டியதெல்லாம் பேசி முடிந்திருந்தது. சாதகம் பொருத்தம், படிப்பு பொருத்தம், இரண்டு பக்கத்திலும் நல்ல குடும்பம். மகளும் அந்த இளைஞனும் பல்கனியில் தேநீர்க் கோப்பைகளுடன் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். மகள் மருந்தகத்தில் வேலை செய்கிறாள், அவன் காப்புறுதியில் கணக்குப் பார்க்கிறான். நாங்கள் பாத்திரம் கழுவும் திரவத்தால் கையைக் கழுவினோம், மணம் போகவில்லை. அன்று எல்லோரும் தின்ற றோல்ஸிலும் கேசரியிலும் பெற்றோல் மணந்தது. சூரிச் அம்மா எதுவும் காட்டிக்கொள்ளவில்லை, அவருக்கு அது பழகிய மணம்.

மேசையில் நல்ல நாள் பற்றிப் பேச்சு வந்தது. மாப்பிள்ளையின் அப்பா என் பக்கம் சாய்ந்து, முழுப் பம்பையும் மாற்றுவதா, உள்ளே இருக்கிற புள்ளிகளை மட்டும் மாற்றுவதா என்று கேட்டார். முழுதாக மாற்றுங்கள் என்றேன். புது வகையில் புள்ளிகளே கிடையாதாம், எலெக்ட்ரோனிக் என்றேன். எலெக்ட்ரோனிக் என்றால் டிக் சத்தம் கேட்குமோ என்று கவலைப்பட்டார். கேட்கும் என்று தைரியம் சொன்னேன். மனைவி மேசைக்குக் கீழே என் கால் என்று நினைத்து அவர் காலை மிதித்தாள். பேச்சை நிறுத்தியது அவர்.

அவர்கள் ரயிலில் திரும்பிப் போனார்கள். கார் எங்களிடம் நின்றது.

சில நாட்கள் கழித்து மகள் சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னாள். "நல்ல பெடியன் அப்பா. ஒரு குறையும் சொல்லேலாது. ஆனா கதைச்சுக்கொண்டு நிக்கேக்கை ரெண்டு பேருக்கும் ஒரேயடியாக் கொட்டாவி வந்திட்டுது. பேந்து ரெண்டு பேரும் சிரிச்சிட்டம்."

வேண்டாம் என்ற முடிவை அவர்கள் அந்தப் பல்கனியிலேயே, முதல் கோப்பைத் தேநீர் முடிவதற்குள், ஆங்கிலத்திலும் கொஞ்சம் தமிழிலும் பேசி எடுத்துவிட்டிருந்தார்கள். கீழே நாங்கள் சப்பாத்தால் அடித்துக்கொண்டிருந்தபோதே சம்பந்தம் முறிந்திருக்கிறது. அவனும் வீட்டில் சொல்லிவிட்டான். தாய்மார் இருவரும் தொலைபேசியில் மிகவும் மரியாதையாகப் பேசி முடித்துக்கொண்டார்கள். எவர் மேலும் எவருக்கும் கோபம் இல்லை. எல்லாம் நாகரிகமாக முடிந்தது. ஒன்றைத் தவிர: வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளை வீட்டாரின் கார், சூரிச் இலக்கத்தகட்டுடன், எங்கள் வீட்டுக்குக் கீழே.

லோசானில் எங்கள் ஆட்களுக்கு இலக்கத்தகடு வாசிக்கத் தெரியும். சூரிச் கார் ஒரே இடத்தில் நாள்கணக்காக நிற்கிறது, வீட்டில் கலியாண வயதில் பெண் இருக்கிறாள், இரண்டையும் கூட்டிப் பார்ப்பது பெரிய கணக்கில்லை. தமிழ்க் கடையில் கறிவேப்பிலை எடுத்துக்கொண்டிருந்த என் மனைவிக்கு ஒருவர் வாழ்த்துச் சொன்னார். கோயிலில் இன்னொருவர் மண்டபம் பார்த்தாயிற்றா என்று விசாரித்தார். இல்லை, அது சரிவரவில்லை என்று சொன்னால் அவர்கள் சிரித்துக்கொண்டு, உறுதியாகும்வரை வெளியே சொல்லாமல் இருப்பது நல்லதுதான் என்றார்கள்.

காரை மூடு என்றாள் மனைவி. நான் பெரிய படுக்கை விரிப்பு இரண்டை எடுத்துப் போய், நன்றாக இழுத்து மூடி, காற்றுக்குப் பறக்காமல் சிவப்பு நாடாவால் கட்டினேன். வீட்டில் அந்த நாடாதான் இருந்தது. அடுத்த வாரம் கதை மாறியிருந்தது: மாப்பிள்ளைக்குக் கொடுக்க நாங்கள் ஒரு கார் வாங்கி மூடி வைத்திருக்கிறோமாம்.

இடையில் அந்த இளைஞனின் அப்பா எனக்குத் தொலைபேசி எடுத்தார். முதலில் வெகு நேரம் சங்கடப்பட்டார். பிள்ளைகளின் விஷயம் ஆண்டவன் விட்ட வழி என்றார். பிறகு மெதுவாக, இங்கிலாந்திலிருந்து பம்ப் வந்துவிட்டது என்றார். நான் வேலையிடத்தில் கட்டில் ஒன்றுடன் லிஃப்டுக்குள் நின்றேன். படுத்திருந்த நோயாளி நல்ல செய்தியா என்று கேட்டார். நல்ல செய்திதான் என்றேன்.

சனிக்கிழமை வந்து மாட்டட்டும், ஆனால் மேலே கூப்பிடவேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். மகளுக்குச் சங்கடமாக இருக்கும் என்பது காரணம். மகளோ தனக்கு ஒரு சங்கடமும் இல்லை என்று சொல்லிவிட்டுச் சிநேகிதிகளுடன் மலையேறப் போய்விட்டாள்.

அவர் ரயிலில், ஒரு கையில் பம்ப் பெட்டியும் மறு கையில் இடியப்பப் பொதியுமாக வந்தார். இந்த முறை பழைய காற்சட்டை. வேலை தொடங்கியது. ஜாக்கில் தூக்கி, சில்லைக் கழற்றி, பற்றரியின் வயரைக் கழற்றி, பெற்றோல் வரும் குழாயை அவர் அவிழ்க்க, பெற்றோல் என் சட்டைக்கைக்குள் புகுந்து முழங்கைவரை போனது. ஆணிகள் துருவில் உறைந்திருந்தன. கொன்சியேர்ஜ் தானாகவே எண்ணெயும் ஒரு பழைய தட்டும் கொண்டுவந்து தந்தார், சனிக்கிழமை சத்தம் போடலாம் என்று சட்டத்தையும் நினைவூட்டினார். பழைய பம்ப் கையில் வந்தபோது சூரிச்சுக்காரர் அதைத் துடைத்து, சிறிது நேரம் வைத்துப் பார்த்தார். உள்ளே புள்ளிகள் இரண்டும் அடுப்பில் விட்ட பருப்புப்போலக் கருகியிருந்தன. அதைச் சொன்னது அவர்தான், சமையல்காரர் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்கிறது.

புதியதை நான் கீழே படுத்திருந்து மாட்டினேன். அவர் வெளியே குந்தியிருந்து, வழிகாட்டும் தாளைப் படித்துச் சொன்னார். சாவியைத் திருப்பியதும் டிக் டிக் டிக் டிக் என்று விடாமல் அடித்தது. கைகொடுத்துக்கொண்டோம். ஆனால் கார் பற்றவில்லை. போத்தலில் ஒன்றும் விழவில்லை. பம்ப் மட்டும் அடித்துக்கொண்டேயிருந்தது. எங்கோ காற்று இழுக்கிறது என்று நினைத்து எல்லா மூட்டுகளையும் இறுக்கினோம். இறுக்க இறுக்க அது இன்னும் உற்சாகமாக அடித்தது.

பசி வந்துவிட்டது. காரின் பின்சீற்றில் உட்கார்ந்து இடியப்பத்தைப் பிரித்தபோது, மேலே இருந்து மனைவி கத்தரிக்காய்க் குழம்பும் சம்பலும் லிஃப்டில் அனுப்பினாள். அதாவது லிஃப்டில் வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டாள், அவள் இறங்கவில்லை. கொன்சியேர்ஜ் அதை எடுத்து வந்து தானும் உட்கார்ந்துகொண்டார்.

சாப்பிடும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நிறுத்த மறந்த பம்பின் டிக் டிக்குக்கு நடுவில், எங்களுக்குப் பின்னால் டாங்குக்குள் குளுக் குளுக் என்று குமிழி விடுகிறது. சூரிச்சுக்காரர் வாயில் இடியப்பத்துடன் என்னைப் பார்த்தார். பம்ப் பெற்றோலை முன்னால் அனுப்பவில்லை. முன்னாலிருந்து காற்றை இழுத்து டாங்குக்குள் ஊதிக்கொண்டிருந்தது. உள்ளே வருகிற குழாயையும் வெளியே போகிற குழாயையும் நான் மாற்றிப் பூட்டியிருக்கிறேன்.

"மேலை இருக்கிறது வெளியிலை போறது எண்டு நான் வாசிச்சுச் சொன்னனானெல்லோ" என்றார்.

"மல்லாந்து படுத்திருக்கிறவனுக்கு எது அண்ணை மேலை?" என்று கேட்டேன்.

அவர் வாயிலிருந்த இடியப்பத்தை விழுங்கி, கையைத் துடைத்தார். பிறகு அவரே கீழே போய்ப் படுத்து, மேலே எது என்று தனக்கும் புரியவில்லைதான் என்று உள்ளிருந்து ஒத்துக்கொண்டார்.

மாற்றிப் பூட்டியபின் பம்ப் முதலில் வேகமாக அடித்தது, பிறகு நிதானமானது, பிறகு வயிறு நிறைந்ததுபோல ஓய்ந்தது. அப்படி ஓய்வதுதான் சரி. இயந்திரம் ஒரே சுற்றில் பற்றிக்கொண்டது. புகையைக் கண்டு மேல்மாடியில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

அந்தச் சத்தத்துக்கு என் மனைவி இறங்கி வந்துவிட்டாள். கார் உண்மையிலேயே போகப்போகிறதா என்று பார்க்கத்தான் வந்தாள். அவர் பின்கதவைத் திறந்து பிடித்து, ஒரு சுற்றுப் போய்ப் பார்ப்போம், பின்சீற்றில் ஒருவர் இருந்து சத்தம் கேட்டுச் சொல்லவேண்டும், அதற்குத் தங்கச்சிதான் வேணும் என்றார். அவளால் மறுக்க முடியவில்லை. ஏரிக்கரை வழியாகத் திராட்சைத் தோட்டங்கள்வரை போய் வந்தோம். பின்னாலிருந்து "இருக்குது" என்று அவ்வப்போது அவள் குரல் கொடுத்தாள். மூன்றாவது முறை கொடுத்தபோது, அந்தக் குரலில் ஏதோ பொறுப்புச் சேர்ந்திருந்தது. சமிக்ஞை விளக்கில் நின்றபோது, கோயிலில் மண்டபம் பற்றி விசாரித்த அதே குடும்பம் பக்கத்துக் காரிலிருந்து எங்கள் மூவரையும் பார்த்துக் கையசைத்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, அவளும் கையசைத்தாள்.

அவர் அன்று மாலையே சூரிச் போய்ச் சேர்ந்துவிட்டதாக அழைத்தார், வழியில் எங்கும் நிற்கவில்லையாம். மகள் பிறகு தனக்குப் பிடித்தவரைத் தானே கண்டுபிடித்தாள். அந்த இளைஞனுக்கும் கலியாணம் ஆகிவிட்டது, நாங்கள் போய் வாழ்த்திவிட்டு வந்தோம். கைபேசியில் சூரிச் இலக்கம் தெரிந்தால் இப்போதும் மனைவி, "உங்கட சம்பந்தி" என்று என்னிடம் நீட்டுகிறாள். போன கிழமை எடுத்தவர், மழை பெய்தால் காருக்குள் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது என்றார். கண்டுபிடிக்க ஒருவர் வெளியே நின்று குழாயால் தண்ணீர் அடிக்கவேண்டும், ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கவேண்டும். உள்ளே நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.